நுரைக்கும் சர்க்கரை ஸ்க்ரப்: எங்கே கெட்டது, எப்படிச் சரிசெய்வது

வீட்டில் செய்த நுரை ஸ்க்ரப் (குளிக்கும்போது உடம்பில் தேய்க்கும் சர்க்கரைக் கலவை) சரியாக வரவில்லை என்று யார் சொன்னாலும், நான் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். நுரைக்காக எதைச் சேர்த்தீர்கள்? தண்ணீர் எந்த வழியாக உள்ளே போனது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதிக்கு மேற்பட்ட கோளாறுகளுக்குக் காரணம் அங்கேயே பிடிபட்டுவிடும். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் டப்பாவில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் அளவுகள் பற்றிய அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள். பின்னால் வரும் திருத்தங்கள் எல்லாம் அந்த அளவை வைத்துத்தான் சொல்லப்பட்டிருக்கின்றன.

சாதாரண சர்க்கரை ஸ்க்ரப்பில் சர்க்கரையும் எண்ணெயும்தான் இருக்கும். தேய்த்துக் கழுவிய பிறகு உடம்பில் பிசுக்கு நிற்கும். நுரைக்கும் வகையில் அழுக்கு நீக்கும் பொருள் ஒன்றும் சேர்வதால் தேய்ப்பதும் கழுவுவதும் ஒரே வேலையில் முடிகிறது. இதை மூன்று விதமாகச் செய்கிறார்கள்.

முதலாவது, கடையில் வாங்கும் ஃபோமிங் பாத் பட்டர் பேஸ், அதாவது நுரைக்கும் பொருள் ஏற்கெனவே கலந்த அடிப்பொருள். 100 கிராம் பேஸை பீட்டரால் அடித்து, 10 கிராம் எண்ணெய், 75 முதல் 100 கிராம் சர்க்கரை, 1 கிராம் வாசனை எண்ணெய் சேர்த்தால் போதும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது, எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கிச் செய்வது. 100 கிராம் ஸ்க்ரப்புக்கு நான் வைத்திருக்கும் அளவு இது: சர்க்கரை 50, தேங்காய் எண்ணெய் 15, பாதாம் அல்லது சூரியகாந்தி எண்ணெய் 10, சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் என்ற நுரைக்கும் பொடி 10, எமல்சிஃபையிங் வாக்ஸ் (எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கச் செய்யும் மெழுகு) 8, ஸ்டியரிக் ஆசிட் (கலவையைக் கெட்டியாக்குவது) 5, பிரிசர்வேட்டிவ் (கெடாமல் காப்பது) 1, வாசனை 1. அந்த நீளமான பெயரைச் சுருக்கி எஸ்.சி.ஐ. என்று விற்கிறார்கள், இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

மூன்றாவது, சோப் பேஸைத் துருவி உருக்கி, எண்ணெயும் சர்க்கரையும் கலப்பது. செலவு குறைவு, ஆனால் சிக்கல் அதிகம். ஏன் என்று அடுத்த பகுதியிலேயே தெரியும்.

எல்லாவற்றையும் கிராமில்தான் நிறுக்க வேண்டும். 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு பிரிசர்வேட்டிவுக்குப் போதாது, 0.1 கிராம் காட்டும் சிறிய தராசு ஒன்று வேண்டும். ஸ்பூன் கணக்கில் செய்த ஸ்க்ரப்பில் கோளாறு வந்தால் காரணம் கண்டுபிடிப்பது மிகவும் கஷ்டம்.

நுரையே வரவில்லை

எனக்குத் தெரிந்து அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்கு இரண்டு பெரிய காரணங்கள் உண்டு. எது உங்களுடையது என்று சோதித்துப் பார்த்துவிட்டே கைவைக்க வேண்டும்.

ஒரே அளவுள்ள இரண்டு பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் குளியலறைக் குழாய்த் தண்ணீர் 100 மில்லி, மற்றதில் ஆர்.ஓ. தண்ணீர் 100 மில்லி. இரண்டிலும் 1 கிராம் ஸ்க்ரப் போட்டு, மூடி, ஒரே மாதிரி குலுக்குங்கள்.

ஆர்.ஓ. பாட்டிலில் நுரை பொங்கி, குழாய்த் தண்ணீரில் ஒன்றுமே வராமல் வெள்ளையாகக் கலங்கினால், உங்கள் வீட்டில் போர் தண்ணீர் வருகிறது, நீங்கள் சேர்த்தது சோப் பேஸ் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். கடின நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒரு படிவாக மாறிவிடும். பக்கெட்டின் உள்விளிம்பில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருப்பது அதுதான். அந்தக் கால்சியம் தீர்ந்த பிறகு மிஞ்சுகிற சோப்புதான் நுரைக்கும். துணி துவைக்கும்போது சோப்பை அதிகமாகப் போட்டு இதைச் சமாளித்துவிடலாம். ஸ்க்ரப்பில் சோப்பின் பங்கே குறைவு, அதனால் நுரை எழ இடமே இருக்காது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. தமிழ்நாட்டில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் முதல் எல்லையைச் சாதாரணமாகத் தாண்டும்.

இந்த நிலையில் சோப் பேஸின் அளவைக் கூட்டுவதில் பயனில்லை. தோல் வறண்டுபோவதுதான் மிச்சம். எஸ்.சி.ஐ.க்கு மாறிவிடுங்கள். இதுவும் தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களிலிருந்து வருவதுதான். ஆனால் கடின நீரோடு சேர்ந்து படிவு உண்டாக்காமல் நுரைக்கும். 1957-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டவ் கட்டி இந்த ஐசெதியோனேட் வகையை வைத்துச் செய்யப்பட்டதுதான். கடையில் கிடைக்கும் ஃபோமிங் பாத் பட்டரிலும் பெரும்பாலும் இதுவே நுரைக்கும் பொருளாக இருக்கும். வாங்கும் முன் லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பாட்டில்களிலும் நுரை வரவில்லையா? அப்போது எண்ணெய் அதிகம். எண்ணெய் நுரையை அடக்கும் பொருள். நுரைக் குமிழியின் மெல்லிய படலத்தில் எண்ணெய்த் துளி பரவினால் அது உடைந்துவிடும். 'தோலுக்கு நல்லது' என்று ஆலிவ் எண்ணெய், ஷியா பட்டர், வைட்டமின் ஈ என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும்போது நடப்பது இதுதான். மேலே சொன்ன 100 கிராம் அளவில் மொத்த எண்ணெய் 25 கிராம். அதை 15 ஆகக் குறைத்து, எஸ்.சி.ஐ.யை 15 ஆகக் கூட்டி, மீதி 5 கிராமுக்குச் சர்க்கரை சேர்த்துப் பாருங்கள். வித்தியாசம் கையிலேயே தெரியும். ரெடிமேட் பேஸ் என்றால் 10 கிராம் எண்ணெயை 5 ஆக்குங்கள்.

ஏற்கெனவே செய்துவைத்த டப்பாவைக் காப்பாற்ற வேண்டும் என்றால், எண்ணெயே சேர்க்காத பேஸைத் தனியாக அடித்து, அதில் பழைய ஸ்க்ரப்பைக் கலந்துவிடுங்கள். பாதிக்குப் பாதி போதும்.

இன்னொன்று. எண்ணெய் சேர்ந்த ஸ்க்ரப், ஷாம்பு போலப் பொங்கி வழியாது. உள்ளங்கையில் க்ரீம் போல அடர்ந்த வெள்ளை நுரை வந்தால் அது சரியாகவே வேலை செய்கிறது. உடம்பு நனைந்திருக்கட்டும், தண்ணீரை நிறுத்திவிட்டுத் தேய்க்கத் தொடங்குங்கள். கொஞ்சம் தேய்த்த பிறகு கையை நனைத்தால் நுரை எழும்.

சர்க்கரை கரைந்து அடியில் பாகு தேங்குகிறது

செய்த அன்று நன்றாக இருந்தது, நாலைந்து நாளில் மேலே கொழகொழவென்று பேஸ், கீழே பிசுபிசுப்பான பாகு. இதற்கு ஒரே காரணம் தண்ணீர்.

20 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீர் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். அதாவது நீங்கள் ஆசையாக ஊற்றிய இரண்டு ஸ்பூன் பன்னீர், சுமார் 10 கிராம் என்று வைத்துக்கொண்டால், 20 கிராம் சர்க்கரையை விழுங்கிவிடும். கற்றாழை ஜெல், பால், தயிர், எலுமிச்சைச் சாறு, தக்காளி, அரைத்த பப்பாளி எல்லாமே இந்தக் கணக்கில் தண்ணீர்தான். கற்றாழை ஜெல் கெட்டியாக இருப்பதால் பலர் அதைத் தண்ணீராக நினைப்பதில்லை. புதிதாகச் செடியிலிருந்து எடுத்த ஜெல்லில் கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீர்தான் இருக்கிறது.

மறைந்து வரும் தண்ணீர் இன்னும் இரண்டு. கோகமிடோபுரோபைல் பீட்டைன் என்ற திரவம் நுரையைக் கூட்டும் என்று சேர்ப்பார்கள். கடையில் கிடைப்பதில் ஏறத்தாழ 30 சதவீதம்தான் நுரைக்கும் பொருள். மீதி பெரும்பாலும் தண்ணீர். மற்றொன்று நாட்டுச் சர்க்கரை. இதில் இயல்பாகவே ஈரம் உண்டு, மழைக்காலத்தில் காற்றிலிருந்து இன்னும் இழுத்துக்கொள்ளும். வெள்ளைச் சர்க்கரையே இந்த வேலைக்கு நல்லது என்பது என் முடிவு. சாப்பிடுவதற்கு நாட்டுச் சர்க்கரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கழுவிப் போகும் ஸ்க்ரப்பில் அது தரும் நன்மை ஒன்றும் இல்லை.

சூடு இதை இன்னும் மோசமாக்கும். 80 டிகிரியில் அதே 100 கிராம் தண்ணீர் 360 கிராம் வரை சர்க்கரையைக் கரைக்கும். சூடான பேஸில் சர்க்கரையைக் கொட்டினால் அதில் உள்ள கொஞ்ச ஈரத்திலேயே நிறையக் கரைந்து, ஆறும்போது மறுபடி படிகமாகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகளாகிவிடும். பேஸ் கைக்கு வெதுவெதுப்புகூட இல்லாமல் ஆறிய பிறகே, அதாவது 35 டிகிரிக்குக் கீழே வந்த பிறகே, சர்க்கரையைச் சேர்க்க வேண்டும்.

பாகு தேங்கியதை என்ன செய்வது? உள்ளே போனது பழம், பால், தயிர், செடியிலிருந்து எடுத்த கற்றாழை என்றால் கொட்டிவிடுங்கள். அதைத் திருத்த வழி கிடையாது. பிரிசர்வேட்டிவ் போட்ட பேஸும் பீட்டைனும்தான் காரணம் என்றால், உலர்ந்த சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளறலாம். பாகு நிறைவடைந்து, இதற்கு மேல் கரைக்க முடியாது என்ற நிலை வந்ததும் கரைவது நின்றுவிடும். அதற்குப் பிறகு சேரும் சர்க்கரை மணலாக நிற்கும். முன்பைவிடக் கனமாக இருக்கும், ஆனால் பயன்படும்.

எண்ணெய் மேலே மிதக்கிறது, கழுவினாலும் பிசுக்கு போகவில்லை

இந்த இரண்டு அறிகுறிகளும் சேர்ந்தே வரும். முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் போட்டது எமல்சிஃபையிங் வாக்ஸா, தேன்மெழுகா என்பதை. இரண்டுமே வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் மணிகளாக, 'வாக்ஸ்' என்ற பெயரில் கிடைக்கும். தேன்மெழுகு எண்ணெயைக் கெட்டியாக்கும், அவ்வளவுதான். தண்ணீரோடு எண்ணெயைக் கலந்து கழுவிப்போகச் செய்யும் குணம் எமல்சிஃபையிங் வாக்ஸுக்குத்தான் உண்டு. தேன்மெழுகு போட்ட ஸ்க்ரப் தோலில் மெழுகுப் படலமாகவே ஒட்டி நிற்கும். அதைத் திருத்த முயல வேண்டாம். வெடித்த குதிகாலில் தடவத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

சரியான வாக்ஸ் போட்டும் பிரிகிறது என்றால் வெயில்தான் காரணமாக இருக்கும். தேங்காய் எண்ணெய் 24 முதல் 26 டிகிரிக்குள் உருகிவிடும். சென்னை, வேலூர், திருச்சி பக்கத்தில் மே மாதம் வீட்டுக்குள்ளேயே அதைவிட வெகு அதிகம். வெளிநாட்டுக் குறிப்புகளில் தேங்காய் எண்ணெயைக் 'கெட்டிப் பொருள்' என்று எழுதியிருப்பார்கள். நம் ஊர்க் கோடையில் அது வெறும் எண்ணெய். ஸ்டியரிக் ஆசிட் உருகுவது 69 டிகிரிக்கு மேல், அதனால் கோடையில் நமக்குக் கைகொடுப்பது அதுதான். கோடைக்கு 5 கிராமை 8 ஆக்கி, தேங்காய் எண்ணெயை 15-லிருந்து 12 ஆக்குங்கள். ஊட்டி, கொடைக்கானல் வாசிகளுக்கு இந்த மாற்றம் தேவையில்லை. அங்கே இதைச் செய்தால் டப்பாவிலிருந்து தோண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

பிரிந்துபோனதில் இன்னும் சர்க்கரை சேர்க்கவில்லை என்றால் திரும்ப உருக்கி, 3 கிராம் ஸ்டியரிக் சேர்த்து, ஆறவிட்டு மறுபடி அடிக்கலாம். சர்க்கரை சேர்ந்துவிட்டால் உருக்காதீர்கள். குளிர்ந்த தண்ணீர்ப் பாத்திரத்தில் டப்பாவை வைத்துக் கிளறினால் மறுபடி ஒன்றுசேரும். வெயில் முடியும்வரை அறையின் குளிர்ச்சியான மூலையில் வைத்துச் சமாளிக்கலாம்.

இறுகிவிட்டது

மூடி சரியாக மூடாமல் ரெடிமேட் பேஸில் உள்ள ஈரம் காய்ந்துபோனால் மேல்பகுதி மட்டும் இறுகும். 100 கிராமுக்கு ஒரு ஸ்பூன் கிளிசரின் விட்டுப் பிசைந்தால் இளகிவிடும். மொத்தமாக இறுகியிருந்தால் ஸ்டியரிக் அதிகம், அல்லது குளிர். 5 கிராம் திரவ எண்ணெய் சேர்த்துக் கையால் பிசையுங்கள். இரண்டுக்கும் தண்ணீர் விட வேண்டாம். விட்டால் மேலே சொன்ன பாகுக் கதைதான்.

நெறுநெறுவென்று ஏதோ தட்டுப்படுகிறது, அது சர்க்கரை இல்லை

ஒரு மணியை எடுத்து விரல்களுக்கிடையே வைத்து நசுக்குங்கள். உடல் சூட்டில் உருகி எண்ணெயாகிறதா? அது ஷியா பட்டர் அல்லது கோகோ பட்டர். உருகாமல் இருந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் வழுக்கி நுரைக்கிறதா? அது சரியாகக் கலக்காத எஸ்.சி.ஐ. நுரைக்காமல் கரைந்து மறைந்தால் அது சர்க்கரையேதான். அளவில் பெரிய பரல்.

ஷியா பட்டரில் வெவ்வேறு சூட்டில் உறையும் கொழுப்புகள் கலந்திருக்கின்றன. மெதுவாக ஆறும்போது சீக்கிரம் உறைபவை தனித்தனி மணிகளாகத் திரண்டுவிடும். முழுவதும் தெளிவாகும்வரை உருக்கி, பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கிளறிக்கொண்டே வேகமாக ஆறவைத்தால் மணி விழாது. இதிலும் சர்க்கரை போடுவதற்கு முன்தான் திருத்த முடியும்.

எஸ்.சி.ஐ. விஷயம் வேறு. அது எண்ணெயில் கரைகிற பொருளே இல்லை. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, 75 முதல் 80 டிகிரியில் வாக்ஸ், ஸ்டியரிக், எண்ணெயோடு சேர்த்து மெதுவாக மசித்துக்கொண்டே இருந்தால் மென்மையான விழுதாக வரும். அரை மணி நேரமானாலும் ஆகட்டும், பொறுமை வேண்டும். நேரடித் தீயில் வைத்து அவசரப்படுத்தினால் அடிபிடிக்கும். நூடுல்ஸ் போல நீளத் துண்டுகளாகவோ மணிகளாகவோ கிடைக்கும் எஸ்.சி.ஐ.யைவிட நைசான பொடியே இதற்கு ஏற்றது. ஆனால் அந்தப் பொடி காற்றில் பறந்து மூக்கையும் தொண்டையையும் கடுமையாக எரிக்கும். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். இதை அலட்சியமாக விடக்கூடாது.

சர்க்கரைப் பரல் பெரிதாக இருப்பதற்கு நம் கடைச் சர்க்கரையே காரணம். இந்தியாவில் எஸ்-30, எம்-30 என்று தரம் பிரித்து விற்கிறார்கள். எம் என்பது எஸ்-ஐவிடப் பெரிய பரல். மளிகைக் கடையில் எஸ் ரகம் கேட்டு வாங்கலாம். இல்லாவிட்டால் மிக்ஸியில் இரண்டே தடவை விட்டு விட்டுச் சுற்றி, சல்லடையில் சலித்து, பெரிய பரலையும் மாவாகிப்போனதையும் ஒதுக்கிவிடுங்கள். மாவாக அரைத்தால் தேய்க்க ஒன்றும் மிஞ்சாது, கரைவதும் சீக்கிரம் நடக்கும்.

அடித்தாலும் உப்பவில்லை

மிக்ஸியில் அடித்தீர்களா? மிக்ஸி பிளேடு வெட்டும், சூடேற்றும், காற்றைச் சேர்க்காது. கம்பி வைத்த எக் பீட்டர் வேண்டும். ரெடிமேட் பேஸைத் துண்டுகளாக வெட்டி, முதலில் மெதுவாக, பிறகு வேகமாக மூன்று நான்கு நிமிடம் அடித்தால் நிறம் வெளுத்து அளவு கூடும். நீங்களே உருக்கிய கலவை என்றால், பாத்திரத்தின் ஓரங்களில் வெள்ளையாக உறையத் தொடங்கும்போதுதான் அடிக்க ஆரம்பிக்க வேண்டும். சூடாக இருக்கும்போது எத்தனை நேரம் அடித்தாலும் காற்று நிற்காது. அடித்துக்கொண்டிருக்கும்போதே தளர்ந்தால் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தொடருங்கள். சர்க்கரையைப் பீட்டரால் கலக்காமல் கரண்டியால் மடித்து மடித்துக் கலக்க வேண்டும்.

நன்றாக உப்பி வந்தது, எண்ணெய் சேர்த்ததும் அமுங்கிவிட்டது என்றால் எண்ணெயை ஒரேயடியாக ஊற்றியிருப்பீர்கள். துளித்துளியாக விடுங்கள். சில வாசனை எண்ணெய்களும் பேஸை இளக்கும். சந்தேகமாக இருந்தால் 20 கிராம் பேஸில் மட்டும் விட்டுப் பார்த்துவிட்டு முழு அளவுக்குப் போகலாம்.

பூஞ்சை, புளித்த வாடை, சிக்கு நாற்றம்

முதலில் ஒரு நம்பிக்கையைச் சரிசெய்ய வேண்டும். 'சர்க்கரை தானாகவே கெடாது, அதனால் பிரிசர்வேட்டிவ் எதற்கு?' என்று பலர் கேட்கிறார்கள். சர்க்கரை நிறைந்த பாகில் பெரும்பாலான பாக்டீரியா வளர முடியாது என்பது உண்மை. ஆனால் பூஞ்சைகளிலும் ஈஸ்ட்டிலும் அந்தச் சூழலைத் தாங்குபவை உண்டு. அதோடு, ஸ்க்ரப் இருப்பது குளியலறையில். ஈரக் கை உள்ளே போகும், ஷவர்த் தண்ணீர் தெறிக்கும். அந்த ஈரம் மேல்பரப்பில் ஒரு நீர்த்த அடுக்கை உண்டாக்கும். பூஞ்சை முதலில் பிடிப்பது அங்கேதான். ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் கரண்டி போடக்கூடாது என்று நம் வீடுகளில் சொல்வது இங்கே அப்படியே பொருந்தும்.

அதனால் என் பார்வையில் பிரிசர்வேட்டிவ் இல்லாத நுரை ஸ்க்ரப் என்று ஒன்றைச் செய்யவே கூடாது. தண்ணீர் சேர்க்காத செய்முறைக்கு ஃபினாக்ஸிஎத்தனாலும் கேப்ரிலில் கிளைக்காலும் சேர்ந்த வகை ஏற்றது. ஆப்டிஃபென் என்ற பெயரில் கிடைப்பது அதுதான். 100 கிராமுக்கு 1 கிராம், கலவை 45 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகு. ரெடிமேட் பேஸில் ஏற்கெனவே பிரிசர்வேட்டிவ் இருக்கும். ஆனால் அது பேஸுக்கான கணக்கு; நீங்கள் சேர்க்கும் தண்ணீருக்கும் பழத்துக்கும் அது பொறுப்பாகாது. சோடியம் பென்சோயேட்டை சோப் பேஸில் போட்டால் பயன் இல்லை. அது வேலை செய்யப் புளிப்பு வேண்டும், பி.எச். 5-க்குக் கீழே. சோப்போ 9, 10 என்று காரமாக நிற்கும்.

வைட்டமின் ஈ பிரிசர்வேட்டிவ் கிடையாது. எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் தள்ளிப்போடும், கிருமியைத் தடுக்காது. வேப்பெண்ணெய், டீ ட்ரீ எண்ணெய், மஞ்சள் ஆகியவற்றையும் இந்த வேலைக்கு நம்ப முடியாது.

வாடையை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம். பழைய முறுக்கு டப்பாவைத் திறந்தால் வரும் காறல் வாடை என்றால் எண்ணெய் சிக்குப் பிடித்திருக்கிறது. சூரியகாந்தி, திராட்சை விதை எண்ணெய்கள் இதில் முந்திக்கொள்ளும். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் நாள்பட நிற்கும். அடுத்த தடவை இப்படி நாள்பட நிற்கும் எண்ணெய்க்கு மாறி, 0.5 கிராம் வைட்டமின் ஈ சேருங்கள். புளித்த வாடை, குமிழி, மூடி உப்புதல், கறுப்பு அல்லது பச்சைப் புள்ளி ஆகியவற்றில் எது தெரிந்தாலும் முழு டப்பாவும் குப்பைக்கு. மேலே மட்டும் வழித்துப் போட்டுவிட்டு மீதியை வைத்துக்கொள்ளக்கூடாது. கண்ணுக்குத் தெரிவது பூஞ்சையின் ஒரு பகுதிதான்.

சிறிய டப்பாக்களில் பிரித்துவைத்து, உலர்ந்த கரண்டியோடு ஒன்றை மட்டும் குளியலறைக்கு எடுத்துப் போவது நல்ல பழக்கம். தோழிகளுக்குக் கொடுப்பதோடு நிறுத்தாமல் விற்கவும் யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அழகுசாதனப் பொருள் தயாரித்து விற்க, 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். 2020-ல் அதற்கெனத் தனி விதிகளும் வந்திருக்கின்றன. வீட்டுச் சமையலறையில் செய்து விற்பது சிறிய விஷயம் இல்லை.

நிறம் மாறிவிட்டது

மஞ்சள் போட்டது சிவந்துவிட்டதா? நீங்கள் சேர்த்தது சோப் பேஸ். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதே வினைதான். எஸ்.சி.ஐ. பேஸில் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். சமையல் மஞ்சளைவிடக் கஸ்தூரி மஞ்சள் துண்டிலும் தோலிலும் குறைவாகக் கறைபடுத்தும். ரோஜா இதழ் எதில் போட்டாலும் பழுப்பாகும். இதழுக்கு மாற்று கிடையாது, விட்டுவிடுங்கள். வனிலா வாசனை பழுப்பாவது அதிலுள்ள வனிலினால். தீங்கு இல்லை.

தேய்த்ததும் எரிகிறது, சிவக்கிறது

இங்கே திருத்தம் பிறகு. முதலில் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவி, நிறுத்துங்கள். அன்று ஷேவ் செய்த, வாக்ஸிங் செய்த தோலில் தேய்த்திருந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஒரு நாள் விட்டுத் தேய்க்கலாம். முகத்துக்குச் சர்க்கரைப் பரல் வேண்டாம், எவ்வளவு பொடித்தாலும். பரு, காயம், எக்ஸிமா இருக்கும் இடத்திலும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு முறை, மெல்லத் தேய்த்தால் போதும். கறுத்த முழங்கையை ஒரே நாளில் வெளுக்கவைக்க அழுத்தித் தேய்ப்பவர்களுக்கு, அந்த உராய்வே கருமையைக் கூட்டும் என்பது தெரிய வேண்டும்.

எலுமிச்சைச் சாறு சேர்த்தீர்களா? அதன் பி.எச். 2-க்குப் பக்கம். சாறு பட்ட தோலில் வெயிலும் பட்டால் சிலருக்குக் கொப்புளமும், பின்னால் நீண்ட நாள் போகாத கருந்தழும்பும் வருவதுண்டு. எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்து தேய்ப்பது வீடுகளில் பரவலாக இருக்கிறது என்பதால் இதைச் சொல்லத் தயங்கக்கூடாது. பட்டை, கிராம்பு எண்ணெய்களும் எரிக்கும். ஸ்க்ரப்பில் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. மற்ற வாசனை எண்ணெய்களும் 100 கிராமுக்கு 1 கிராமைத் தாண்ட வேண்டாம். புதிதாகச் செய்ததை முழங்கை உள்பக்கத்தில் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் பார்த்துவிட்டு உடம்பெல்லாம் பயன்படுத்துங்கள். சிவப்பு மறுநாளும் குறையாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். செய்முறையில் போட்ட பொருட்களின் பட்டியலையும் எடுத்துப் போங்கள், அவருக்கு உதவும்.

தரை வழுக்குகிறது, எறும்பு வருகிறது

எண்ணெய் அளவு கூடியதற்கு வழுக்கும் தரையும் ஓர் அடையாளம். அளவைக் குறைக்கும்வரை ரப்பர் மேட் போட்டுக் குளிக்கச் சொல்லுங்கள், முக்கியமாக வீட்டில் வயதானவர்கள் அதே குளியலறைக்குப் போவதாக இருந்தால். குளித்த கையோடு வெந்நீரும் கொஞ்சம் பாத்திரம் துலக்கும் திரவமும் ஊற்றித் தேய்த்துவிட்டால் தரையும் சுத்தமாகும், குளிர்ப் பகுதிகளில் குழாயில் எண்ணெய் உறைந்து அடைப்பதும் குறையும்.

எறும்புக்கு மருந்து அடிக்க வேண்டியதில்லை. டப்பாவின் மரையில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்து, இறுக மூடி, தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள். தட்டுத் தண்ணீர் டப்பாவைத் தொடக்கூடாது.